தொலைநோக்கிக்குள் ஓர் அளவுகோல்

"அதோ அந்த ஒற்றைப் பனைமரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓர் ஏரிக்கரையை ஒட்டிய வெட்டவெளி. தேசிய மாணவர் படையைச் சேர்ந்த மாணவர்களிடம் பயிற்சியாளர் கேட்ட கேள்வி இது. ஒருவன் 200 மீட்டர் என்றான். மற்றொருவன் 500 என்றான். உடன் சென்றிருந்த நான் மனத்துக்குள் 350 என்று வைத்துக்கொண்டேன். நாடா பிடித்து அளந்தபோது 280 மீட்டர் வந்தது. நாள்தோறும் ஒளியியல் பாடம் நடத்துகிற என் கண்ணும் மாணவர்களின் கண்ணைப்போலவே ஏமாந்துவிட்டது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் கண் தொலைவை நேரடியாக அளக்கும் கருவியன்று. வெளிச்சம் நன்றாக இருந்தாலும், கதிரவன் நமக்குப் பின்னால் இருந்தாலும், இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருந்தாலும் பொருள் அருகில் இருப்பதாகத் தோன்றும். கதிரவன் எதிரே இருந்தாலும், படுத்தபடி பார்த்தாலும், குறுகிய தெரு வழியே பார்த்தாலும் தள்ளி இருப்பதாகத் தோன்றும். இவையெல்லாம் மாணவர் படைப் பாடத்திலேயே வருகின்றன. அதனால்தான், பலர் சொல்லும் தொலைவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் முறையையும் அங்கே கற்பிக்கிறார்கள்.

அன்று ஒரு மாணவன் கேட்டான்: "சார், துப்பாக்கியிலே வைக்கிற தொலைநோக்கிக்குள்ளே கோடும் புள்ளியும் இருக்குதே, அதை வெச்சுத் தூரத்தைக் கண்டுபிடிச்சிடலாமாமே? அது எப்படி சார்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடிப் போனால் ஏறத்தாழ 380 ஆண்டுக்கால வரலாறு விரிகிறது. அதில் ஒரு பகுதி நாம் நின்றுகொண்டிருந்த அதே வட்டாரத்தில் நடந்தது.

கோணமும் தொலைவும்

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஒரு மனிதன் நம்மை விட்டு விலகிப் போகப்போகச் சிறியவனாகத் தெரிகிறான். உண்மையில் அவன் உயரம் குறைவதில்லை. அவனுடைய தலையிலிருந்தும் காலிலிருந்தும் நம் கண்ணுக்கு வரும் இரு கோடுகளுக்கு இடையே உள்ள கோணந்தான் குறைகிறது. தொலைவு இருமடங்கானால் கோணம் பாதியாகும். மும்மடங்கானால் மூன்றில் ஒரு பங்காகும்.

இத்தகைய சிறு கோணங்களை அளக்க டிகிரியைவிட ரேடியன் வசதியானது. ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிரேடியன். சுருக்கமாக 'மில்' என்பார்கள். 1000 மீட்டர் தொலைவில் உள்ள 1 மீட்டர் உயரப் பொருள் நம் கண்ணில் 1 மில் கோணத்தை உண்டாக்கும். ஆகவே,

தொலைவு (மீட்டர்) = உயரம் (மீட்டர்) × 1000 ÷ கோணம் (மில்)

செஞ்சிக் கோட்டையின் இராசகிரி மலை சுமார் 240 மீட்டர் உயரம். சாலையில் ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே 30 மில் கோணம் இருந்தால், மலை 8000 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

ஒரு முழு வட்டத்தில் ஏறத்தாழ 6283 மில்லிரேடியன்கள் உண்டு. இந்த எண்ணைப் பங்கிடுவது கடினம். எனவே படைத்துறையினர் தம் வசதிக்கேற்ப வட்டத்தை 6400 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டனர். இரஷ்யர்கள் 6000 என்றும், சுவீடன் நாட்டினர் 6300 என்றும் வைத்துக்கொண்டனர்.  மூன்றுக்கும் கொள்கை ஒன்றுதான்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவி தருவது கோணத்தை மட்டும். தொலைவு வேண்டுமானால் ஏதேனும் ஒரு நீளம் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த நீளத்தை எங்கே தேடுவது என்பதுதான் இவ்வரலாறு முழுவதிலும் எழுகின்ற கேள்வி.

சிலந்தி காட்டிய வழி

தொலைநோக்கி 1608-இல் ஹாலந்தில் தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே கலிலியோ அதை வானை நோக்கித் திருப்பினார். ஆனால் அவருடைய தொலைநோக்கியால் பார்க்கத்தான் முடிந்தது; துல்லியமாகக் குறிபார்க்க முடியவில்லை. காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. கலிலியோ கண்ணருகில் குழிவில்லையைப் பயன்படுத்தினார். அதனால் குழாய்க்குள் மெய்ப்பிம்பம் உருவாகாது.

1611-இல் கெப்ளர், கண்ணருகிலும் குவிவில்லையே இருக்கும் தொலைநோக்கியைப் பற்றி எழுதினார். இதில் பொருளருகு வில்லை ஒரு மெய்ப்பிம்பத்தைக் குழாய்க்குள்ளேயே உண்டாக்குகிறது. அதைக் கண்ணருகு வில்லை உருப்பெருக்கிக் காட்டுகிறது. பிம்பம் விழும் அதே தளத்தில் ஒரு நூலை வைத்தால் என்ன ஆகும்? பிம்பமும் நூலும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும். தொலைவிலுள்ள கோபுரத்தின் மேலேயே கோடு கிழித்தாற்போல இருக்கும்.

இதைக் கண்டறிந்தவர் வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கில இளைஞர். 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை கட்டிவிட்டதாகவும், அது பிம்பத்தோடு சேர்ந்து கூர்மையாகத் தெரிந்ததைக் கண்டு அவர் வியந்ததாகவும் கூறுவர். அவர் அதோடு நிற்கவில்லை. திருகாணியால் நகரக்கூடிய இரு விளிம்புகளைக் குவியத்தளத்தில் பொருத்தி, கோள்களின் விட்டத்தைக் கோணமாக அளந்தார். நுண்ணளவி எனப்படும் மைக்ரோமீட்டர் இவ்வாறு பிறந்தது. 1644-இல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர் என்ற இடத்தில் காஸ்காயின் உயிரிழந்தார்.

இன்று துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் தெரியும் கோடுகளும் புள்ளிகளும் அந்தச் சிலந்தி இழையின் வழிவந்தவையே. ஆங்கிலத்தில் இதை 'ரெட்டிக்கிள்' என்பார்கள். நாம் 'குறியிழை' என்று அழைப்போம். உண்மையான சிலந்தி இழையும் நெடுங்காலம் அளவைக் கருவிகளில் பயன்பட்டது. மெல்லியதாகவும் உறுதியாகவும் இருந்ததே காரணம். பின்னர் கண்ணாடித் தகட்டில் கோடுகளைச் செதுக்கும் முறை வந்தது.

தெரிந்த நீளம் நம் பக்கத்தில்

கோணம் அளக்கக் கருவி வந்துவிட்டது. தெரிந்த நீளத்துக்கு எங்கே போவது? ஒரு வழி, அதை நம் பக்கத்திலேயே தரையில் அளந்து வைத்துக்கொள்வது. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். முக்கோண அளவை என்பது இதுவே.

இந்த முறையை உலகமே வியக்கும் அளவுக்குச் செய்து காட்டிய இடம் நம் தமிழகம். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவி, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. பரங்கிமலைப் பகுதியிலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பகுதி வரை அளந்த நீளம் 40,006.44 அடி, அதாவது ஏழரை மைலுக்குச் சற்று மேல்.

ஏழரை மைலை அளக்கச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் போதாதா? போதாது. நம் ஊர் வெயிலில் எஃகு நீளும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 40,000 அடியில் சுமார் நாலரை அடி பிழை வரும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். எஃகின் நீள் விரிவெண்ணை 0.0000115 என்று கொள்க. எனவே சங்கிலியை மரப்பெட்டிகளில் மட்டமாகக் கிடத்தி, நிழலுக்குக் கூடாரம் அமைத்து, வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு சங்கிலி நீளத்துக்கும் வெப்பத்திருத்தம் செய்தார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? இந்த ஒரு கோட்டில் பிழை இருந்தால், அதன்மேல் எழும்பும் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அதே விகிதத்தில் பிழை பரவும். கோணங்களை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அந்தப் பிழை தீராது.

அடிக்கோட்டுக்குப் பிறகு அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் வேலைக்கு வந்தது. அதன் வட்டத்தட்டின் விட்டம் 36 அங்குலம். தொலைநோக்கிக்குள் குறியிழை. சென்னையிலிருந்து கடலூர் வரை முக்கோணங்கள் நீண்டன. இன்றைய திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் இந்த நெடுவரிசைக்கு உட்பட்டது. தென் முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம். மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழியும் ஒரு முக்கிய நிலையம்.

விண்மீன்களைக் கொண்டு அட்சரேகைகளையும் அளந்து, வடக்கு–தெற்காக ஒரு டிகிரிக்குரிய நீளத்தை லாம்டன் கணக்கிட்டார். 12 டிகிரி 32 நிமிட அட்சரேகையில் அது 60,494 பாதம் என்று கண்டார். ஒரு பாதம் என்பது ஆறு அடி கொண்ட அளவு. இதை மீட்டரில் மாற்றினால் 110.63 கிலோமீட்டர். செயற்கைக்கோள் காலத்தில் வாழும் நாம் கணக்கிட்டாலும் 110.63 என்றே வருகிறது! பூமியின் வடிவத்தை அறிய நடந்த முயற்சியில் நம் பனங்காட்டு நிலத்துக்கும் பங்கு உண்டு என்பதை இவ்வட்டார மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1808-இல் தஞ்சையில் கோயில் கோபுரத்தின் மீது ஏற்றும்போது இந்தத் தியோடலைட் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தட்டைத் தம் கையாலேயே சீர்செய்தார். தெரிந்த நீளத்தையும் கோணத்தையும் அவர் எவ்வளவு மதித்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தெரிந்த நீளம் எதிர்முனையில்

ஆனால் ஒவ்வொரு வயலையும் வாய்க்காலையும் அளக்க அரை டன் கருவியைத் தூக்கிச் செல்ல முடியாது. இங்கேதான் இரண்டாவது வழி பிறக்கிறது. தெரிந்த நீளத்தை எதிர்முனைக்கு அனுப்பிவிடலாம். அஃதாவது, ஓர் ஆளிடம் அளவு குறித்த கோலைக் கொடுத்து அங்கே நிற்கச் சொல்லிவிட்டு, இங்கிருந்து தொலைநோக்கியில் பார்ப்பது.

1674-இல் இத்தாலியரான மொந்தனாரி, தொலைநோக்கிக்குள் பல இழைகளை அமைத்துத் தொலைவை அளக்கும் முறையை வெளியிட்டார். நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் தம் இளமையில் நில அளவையாளராகவும் இருந்தவர். 1770-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் கால்வாய்களுக்காக அளவைப் பணி செய்தபோது, சங்கிலி இழுக்க முடியாத இடங்களில் இழை பொருத்திய தொலைநோக்கியைப் பயன்படுத்தினார். 1778-இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் கிரீன் இம்முறையை விளக்கி நூல் வெளியிட்டார். பின்னர் பவேரியாவில் ரைகன்பாக் அதை நில அளவைக்குப் பெருமளவில் பயன்படுமாறு செய்தார். 1823-இல் இத்தாலியப் பொறியாளர் போரோ, கூடுதலாக ஒரு வில்லையைச் சேர்த்துக் கணக்கை எளிதாக்கினார். இரட்டைத் தொலைநோக்கிகளில் உள்ள பட்டகங்களுக்கும் இவர் பெயரே வழங்குகிறது.

சாலை போடும் இடத்தில் முக்காலி மீது 'லெவல்' கருவியை வைத்து ஒருவர் பார்ப்பதையும், சற்றுத் தள்ளி இன்னொருவர் 'ஸ்டாஃப்' என்ற நீண்ட கோலைப் பிடித்து நிற்பதையும் பலர் கண்டிருப்பீர்கள். அந்தக் கருவிக்குள் நடு இழைக்கு மேலும் கீழும் இரு சிறு இழைகள் உண்டு. அவை இரண்டுக்கும் இடையே கோலில் எவ்வளவு நீளம் தெரிகிறதோ, அதை 100-ஆல் பெருக்கினால் தொலைவு. கோலில் 1 மீட்டர் தெரிந்தால் தொலைவு 100 மீட்டர். 65 சென்டிமீட்டர் தெரிந்தால் 65 மீட்டர். இரு இழைகளுக்கும் இடையே உள்ள கோணம் நூற்றில் ஒரு ரேடியன், அதாவது 10 மில் என்பதே இதன் பொருள். நூற்றால் பெருக்குவது எளிது என்பதால் அந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கோல் பிடிக்க ஆளில்லாத இடம்

இனித் துப்பாக்கிக்கு வருவோம். துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்தும் முயற்சிகள் 19-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றன. பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட்சன் என்ற அதிகாரி இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் நீண்ட குழாய்த் தொலைநோக்கிகள் பூட்டிய துப்பாக்கிகள் பயன்பட்டன. ஆனால் அன்றைய குறியிழை குறிபார்க்க மட்டுமே. தொலைவை அளக்கும் குறிகள் அதில் சேர்ந்தது பிறகுதான்.

தொலைவு ஏன் இவ்வளவு முக்கியம்? துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் செல்வதில்லை. குழலை விட்டு வெளிவந்த கணமே அது விழத் தொடங்குகிறது. காற்றின் தடையை மறந்துவிட்டு, வேகம் நொடிக்கு 800 மீட்டர் என்று கொள்வோம். 400 மீட்டர் செல்ல அரை நொடி ஆகும். அதற்குள் குண்டு 1.2 மீட்டர் இறங்கிவிடும். 800 மீட்டருக்கு ஒரு நொடி, இறக்கம் 4.9 மீட்டர். தொலைவு இருமடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு. காற்றுத் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே எவ்வளவு உயர்த்திக் குறிவைப்பது என்பதற்குத் தொலைவு தெரிந்தாக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். நில அளவையாளருக்கு எதிரே கோல் பிடிக்க ஆள் உண்டு. துப்பாக்கி வீரருக்கு யார் கோல் பிடிப்பார்கள்? எனவே எதிரே தென்படும் உருவத்தையே கோலாகக் கொள்ள வேண்டியதாயிற்று. நிற்கும் மனிதனின் உயரம் இவ்வளவு, வாகனத்தின் உயரம் இவ்வளவு என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1960-களில் சோவியத் நாட்டில் டிராகுனோவ் துப்பாக்கியுடன் வந்த தொலைநோக்கி. இந்தியப் படையினரும் நெடுங்காலம் பயன்படுத்திய துப்பாக்கி இது. இதன் குறியிழையில் இடப்பக்க மூலையில் கீழே ஒரு கிடைக்கோடும், அதற்கு மேலே ஒரு வளைகோடும் இருக்கும். வளைகோட்டின் மீது 2, 4, 6, 8, 10 என்ற எண்கள் உண்டு. உருவத்தின் கால் கிடைக்கோட்டையும் தலை வளைகோட்டையும் தொடுமாறு வைத்து, அங்குள்ள எண்ணை நூறால் பெருக்கினால் தொலைவு மீட்டரில் கிடைக்கும். ஆளின் உயரம் 1.7 மீட்டர் என்று கொண்டு வரைந்த கோடு அது. 200 மீட்டரில் 1.7 மீட்டர் உருவம் 8.5 மில் கோணத்தையும், 1000 மீட்டரில் 1.7 மில் கோணத்தையும் தரும். தொலைவு கூடக்கூடக் கோணம் தலைகீழ் விகிதத்தில் குறைவதால்தான் அது வளைகோடாக அமைந்தது. கணித வகுப்பில் நாம் வரைந்த அதிபரவளையத்தின் ஒரு துண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது!

அமெரிக்க மரைன் படையினர் 1970-களின் இறுதியில் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். குறியிழையின் இரு கோடுகளிலும் 1 மில் இடைவெளியில் புள்ளிகள். இதில் உயரத்தை முன்கூட்டியே தீர்மானித்து வரையவில்லை. எத்தனை மில் என்று மட்டும் கருவி சொல்லும். உயரத்தைப் பார்ப்பவரே தீர்மானித்துக் கணக்கிட வேண்டும். முன்னது விரைவானது. பின்னது எந்தப் பொருளுக்கும் பொருந்தக்கூடியது.

பிழை புகும் வாயில்கள்

இம்முறையில் பிழை மூன்று வழிகளில் வரும்.

முதலாவது, கோணத்தைப் படிப்பதில். 1000 மீட்டரில் உருவத்தின் அளவு 1.7 மில்தான். இதில் 0.2 மில் தவறாகப் படித்தால் தொலைவில் நூற்றுக்கு 12 பங்கு பிழை. அருகில் இருந்தால் கோணம் பெரிது, பிழை சிறிது.

இரண்டாவது, தொலைநோக்கியின் அமைப்பில். உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய தொலைநோக்கிகளில் குறியிழையை இரண்டு இடங்களில் வைக்கலாம். முன் குவியத்தளத்தில் வைத்தால் பிம்பத்தோடு குறியிழையும் பெரிதாகும். அளவு எப்போதும் சரியாக இருக்கும். பின் குவியத்தளத்தில் வைத்தால் பிம்பம் மட்டும் பெரிதாகும். குறியிழை அப்படியே இருக்கும். 10 மடங்குக்குச் சரியாக அமைந்த குறியிழையை 5 மடங்கில் வைத்துப் படித்தால் கோணம் பாதியாகத் தெரியும். தொலைவு இருமடங்காக வந்துவிடும்.

மூன்றாவது, நாம் தெரியும் என்று நம்பிய உயரத்தில். இதுதான் பெரியது. 800 மீட்டரில் 1.4 மீட்டர் உயரமுள்ள இலக்குப் பலகை இருக்கிறது. அதை 1.7 மீட்டர் என்று எண்ணிவிட்டால் கணக்கு 971 மீட்டர் என்று வரும். மேலே சொன்ன 800 மீட்டர் வேகத்தையே கொண்டு கணக்கிட்டால், குண்டு குறிவைத்த புள்ளிக்கு ஒரு மீட்டருக்கும் மேலே பறந்துவிடும். கண்ணிலோ வில்லையிலோ குறையில்லை. தவறியது ஓர் ஊகம்.

பேராசிரியர்கள் இருவர்

இந்த ஊகத்தைத் தவிர்க்க வேண்டுமானால், லாம்டனைப்போலத் தெரிந்த நீளத்தை மீண்டும் நம் பக்கத்துக்கே கொண்டுவர வேண்டும். 1888-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கல்லூரியில் பொறியியல் கற்பித்த பார் என்பவரும், இயற்பியல் கற்பித்த ஸ்ட்ரவுட் என்பவரும் இதில் இறங்கினர். ஒரு குழாயின் இரு முனைகளிலிருந்தும் ஒளியை வாங்கி, நடுவில் இரு பிம்பங்களையும் ஒன்றுசேர்க்கும் தொலைவுமானியை அமைத்தனர். குழாயின் நீளமே அடிக்கோடு. எதிரே இருப்பது எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டியதில்லை. 1892-இல் பிரிட்டிஷ் கடற்படை அதை ஏற்றது. கருவி பெரிதாக இருந்ததால் கப்பலுக்கும் பீரங்கிக்குமே பொருந்தியது.

இன்று லேசர் தொலைவுமானி வந்துவிட்டது. ஒளித்துடிப்பை அனுப்பி, அது மோதித் திரும்பும் காலத்தை அளக்கிறது. ஒரு மைக்ரோ நொடியில் திரும்பினால் பொருள் 150 மீட்டரில் இருக்கிறது. இங்கே 'தெரிந்த நீளம்' என்ற இடத்தை ஒளியின் வேகம் பிடித்துக்கொண்டது. அது ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. ஆயினும் குறியிழை மறையவில்லை. மின்கலம் தீர்ந்தாலும் கண்ணாடியில் செதுக்கிய கோடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குத் துப்பாக்கியும் வேண்டாம்; தொலைநோக்கியும் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் அளவுகோல் போதும். அதில் ஒரு நூலைக் கட்டி, கண்ணிலிருந்து சரியாக 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். அப்போது அளவுகோலில் 1 மில்லிமீட்டர் என்பது 2 மில் கோணம்.

முதலில் சொன்ன அந்த ஏரிக்கரையில் நாங்களும் இதைச் செய்தோம். கரைமீது ஒருவனை நிறுத்தி, மாணவர்கள் அளந்தனர். 7 மில்லிமீட்டர் வந்தது. அதாவது 14 மில். உயரம் 1.7 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டதில் 121 மீட்டர். நாடா பிடித்தால் சரியாக 100 மீட்டர்தான். "கணக்கு சரியாத்தானே சார் போட்டோம்?" என்று திகைத்தார்கள். நானும் ஒரு கணம் திகைத்தேன். பிறகு கரைமேல் நின்றவனை அருகில் அழைத்துப் பார்த்தேன். மாடு மேய்க்க வந்த பையன், எட்டாம் வகுப்பு. உயரம் 1.4 மீட்டர். கணக்கு சரி; கோணம் சரி. பையனை ஆளாக எண்ணியது யார்? 1.7 என்று கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அடுத்த வாரம், மாறாத நீளம் ஒன்றைத் தேடினோம். இருப்புப்பாதை நினைவுக்கு வந்தது. இரு தண்டவாளங்களின் உட்புற இடைவெளி அகலப்பாதையில் எங்கும் 1.676 மீட்டர். இரயில் நிலைய நடைமேம்பாலத்தில் நின்று, பாதை நீண்டு போவதைப் பார்த்தபடி அளக்கலாம். அளவுகோலில் 8.4 மில்லிமீட்டர் தெரியும் இடம் ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவு. தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். பாலத்தின் மேலிருந்தே பார்க்க வேண்டும்.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. திண்டிவனம் வழியாக விழுப்புரம் செல்லும் பாதை முன்பு மீட்டர் பாதையாக இருந்தது. இடைவெளி 1 மீட்டர். பெரியவர்கள் பலருக்கு இன்றும் அது நினைவிருக்கும். அந்தப் பழைய நினைவில் 1 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 100 மீட்டர் தொலைவு 60 மீட்டராகக் குறைந்துவிடும். மாறாது என்று நாம் நினைத்த நீளமும் மாறியிருக்கிறது.

இதனால் மாணவர்கள் பெற வேண்டிய பாடம் துப்பாக்கியோடு முடிவதில்லை. நிலவின் விட்டத்தைக் கணக்கிடும்போதும், விண்மீன்களின் தொலைவைப் படிக்கும்போதும், ஆய்வகத்தில் ஒரு சூத்திரத்தில் எண்களை இடும்போதும், "இதில் நான் அளந்தது எது? அளக்காமல் நம்பிக்கொண்டது எது?" என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். லாம்டன் வெயிலில் கூடாரம் போட்டு ஒரு கோட்டை அளந்துகொண்டிருந்ததற்கும் காரணம் அதுவே.

இப்போதெல்லாம் எங்கள் மாணவர்கள் ஏரிக்கரையில் யாரையாவது நிறுத்தி அளக்கும் முன், அவரை அழைத்து முதலில் உயரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.